போட்டோ பிரிண்டர் வாங்கப்போகும் சங்கத்துத் தங்கைகளுக்கு

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பொதுப்புச் சங்க (மகளிர் சுயஉதவிக் குழு) கடனில் போட்டோ பிரிண்டர் வாங்கியிருக்கிற, வாங்கலாமா என்று யோசிக்கிற தங்கைகளுக்கும், டிகிரி முடித்துவிட்டு வீட்டு வரண்டாவிலேயே கடை போட நினைக்கிற தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

உங்களில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த சாஃப்ட்வேர் போடணும்?" கம்ப்யூட்டர் விற்றவரே பென்டிரைவிலிருந்து போட்டோஷாப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டார் என்றால், "அது ஒரிஜினலா?" என்பது இரண்டாவது கேள்வி. ஒரிஜினல் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். கடன் பணம் காகிதத்துக்கும் இங்க்குக்கும் நல்ல வெளிச்சத்துக்கும் போகட்டும். மென்பொருளை அதன் பேரைப் பார்த்து எடுக்காதீர்கள். உங்கள் பிரிண்டர் தட்டில் என்ன வந்து விழப்போகிறது என்பதைப் பார்த்து எடுங்கள்.

நம் ஊரில் என்ன வேலை வரும்? பாஸ்போர்ட் சைஸ் முதலில். அரசுச் சேவைகள் தரும் மீ சேவா 2011 நவம்பரில் நம் சித்தூர் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. அன்றிலிருந்து சான்றிதழ், விண்ணப்பம் என்று போட்டோ கேட்டு வருகிறவர்கள் குறையவே இல்லை. திருப்பதியில் எஸ்.வி. யுனிவர்சிட்டி, பத்மாவதி மகிளா யுனிவர்சிட்டி, ஐஐடி என்று மாணவர் கூட்டம். பரீட்சை விண்ணப்பக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அடுத்தது மொட்டை, காதுகுத்து, சீமந்தப் படங்கள், 4×6 அளவில். பிறகு இறந்தவர் படம் பெரிதாக்கி ஃபிரேம் போடுவது. இடையிடையே தமிழும் தெலுங்கும் கலந்த அழைப்பிதழ். இந்த நாலு வேலைக்கும் மாதச் சந்தா கட்டி மென்பொருள் வைக்கத் தேவையில்லை.

இந்தத் தொழில் உங்களிடம் தொடங்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2002இல் ஹெச்பி நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்று மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற அந்த வட்டாரத்தில், சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன பிரிண்டரும் கொடுத்தார்கள். கரண்ட் இல்லாத ஊரிலும் ஓடும்படி சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் பேட்டரி. கிராமப் போட்டோகிராபர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அடையாள அட்டைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் படம் எடுத்து, அங்கேயே நின்று அச்சடித்துக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். டவுன் ஸ்டுடியோவுக்குப் பஸ் ஏறாமல் வாசலிலேயே படம் கிடைத்தது. ஊர்ச் சனம் காசு கொடுத்தது அதற்குத்தான். கம்பெனித் திட்டங்கள் மூன்று வருஷத்தில் முடிந்துபோகும். தேவை அங்கேயேதான் இருக்கிறது. இன்று கேமரா உங்கள் போனில் இருக்கிறது, பிரிண்டர் இங்க் டேங்கில் ஓடுகிறது. அந்தப் பெண்களைவிட நீங்கள் நல்ல இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள்.

போட்டோஷாப் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்களில் 2002இல் வந்த 7.0 இன்னும் ஓடுகிறது. கற்றுக்கொண்ட கை அதை விடாது, புரிகிறது. ஆனால் அதைச் செய்யும் அடோபி கம்பெனி 2013லிருந்து புதிய பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் தருகிறது. ஒரு தடவை காசு கட்டினால் காலத்துக்கும் நம்முடையது என்று இருந்த போட்டோஷாப் எலிமென்ட்ஸும் 2025 பதிப்பிலிருந்து மூன்றாண்டு உரிமம் ஆகிவிட்டது. திருட்டுப் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்தினால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? குறைந்தது 7 நாள், கூடினால் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். காசுக்கு வேலை செய்கிறவர்கள் "சும்மா வீட்டுக்குத்தான்" என்று சொல்லித் தப்பவும் முடியாது. போலீஸ் உங்கள் வரண்டாவுக்கு வருமா என்பது வேறு. எனக்கு அதைவிடப் பெரிய பயம் வைரஸ். கிராக் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் ஊர் சனத்தின் பென்டிரைவெல்லாம் ஏறும், ஆதார் எல்லாம் திறக்கும்.

சரி, எதைப் போடுவது? கம்ப்யூட்டர் இருந்தால் கிம்ப். கலிபோர்னியாவில் பெர்க்லி யுனிவர்சிட்டி மாணவர்கள் இரண்டு பேர் 1995இல் ஆரம்பித்தது. இன்றுவரை இலவசம், தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தபின், போட்ட எஃபெக்டைப் பிறகு மாற்றவோ எடுக்கவோ முடிகிறது. முன்னால் அது பெரிய குறை. புதிதாக வருகிறவர்களை அது ஒரு இடத்தில் கட்டாயம் திணறடிக்கும்: 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், "படம் காணோம்" என்று கிம்பையே அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் பழசு, இல்லை தம்பியின் காலேஜ் லேப்டாப் என்றால் ஃபோட்டோபியா. பிரவுசரிலேயே திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம். படம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்து திருத்தப்படுகிறது. விளம்பரம் ஓரமாக வரும், சகித்துக்கொள்ளலாம். அதன் பெரிய லாபம், கல்யாண ஆல்பத்துக்கும் பேனருக்கும் கை மாறி வருகிற போட்டோஷாப் பிஎஸ்டி ஃபைல்களை அது திறக்கும் என்பது. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்னாப்சீட் போதும். அஃபினிட்டி என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் செரிஃப் கம்பெனி செய்தது, 2024இல் கேன்வா அதை வாங்கி, 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாக்கிவிட்டது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும். நல்ல மென்பொருள்தான். ஆனால் ஒரு கம்பெனி இன்று இலவசம் என்றதை நாளை என்ன சொல்லும் என்று யார் கண்டது? நான் கிம்பைக் கற்றுக்கொண்டு அஃபினிட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இர்ஃபான்வியூவையும் பலர் சொல்வார்கள். வீட்டு உபயோகத்துக்குத்தான் அது இலவசம், காசு வாங்கி வேலை செய்தால் உரிமம் வாங்க வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் அழைப்பிதழ் வேலைக்கு எடுக்கும்முன் ஒரு சோதனை. எழுத்துக் கருவியைத் திறந்து 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' என்று தமிழில் அடியுங்கள். பிறகு தெலுங்கில் வத்து (கீழே ஒட்டும் எழுத்து) வருகிற ஒரு பேரை, வெங்கடேஸ்வர்லு மாதிரி, அடியுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தனியாக நிற்கிறதா, வத்து கீழே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். போட்டோஷாப் 7.0இல் யூனிகோடு ஒழுங்காக வராததால்தான் நம் டிடிபிக்காரர்கள் தமிழுக்கு பாமினியும் தெலுங்குக்கு அனு எழுத்துருவும் என்று இரண்டு விசைப்பலகையைக் கட்டி அழுகிறார்கள். கிம்பில் இரண்டு மொழியும் யூனிகோடிலேயே ஒழுங்காக வரும். நோட்டோ எழுத்துருக்கள் இரண்டுக்கும் இலவசம். நகரியிலோ புத்தூரிலோ மாப்பிள்ளை வீட்டுக்குத் தெலுங்கு, பெண் வீட்டுக்குத் தமிழ் என்று ஒரே அட்டையில் அடிக்கிற உங்களுக்கு, மற்ற நூறு வசதிகளைவிட இது பெரிது.

இப்போது பாஸ்போர்ட் சைஸ். 35×45 மி.மீ. என்பது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413×531 பிக்சல். பான் கார்டு விண்ணப்பத்துக்கு 25×35 மி.மீ., அதாவது 295×413. ஒரு 4×6 தாளில் 35×45 அளவில் எட்டுப் படம் உட்காரும்: நீளவாக்கில் நாலு, இரண்டு வரிசை. 1800×1200 பிக்சலில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, எட்டு இடத்தையும் ஒருமுறை கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் அதுவே. வெட்ட இடம் வேண்டும், நடுவில் 1 மி.மீ. விடுங்கள்.

அளவு கெடுவது எங்கே தெரியுமா? பிரிண்ட் பொத்தானை அமுக்குகிற இடத்தில்தான். 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்தால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குப் படத்தைச் சுருக்கும், விரிக்கும். 'பார்டர்லெஸ்' கொடுத்தால் ஓரத்தில் வெள்ளை வராமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, விளிம்பை வெளியே தள்ளிவிடும். காதுகுத்துப் படத்துக்கு பார்டர்லெஸ் அழகு. பாஸ்போர்ட் சைஸுக்கு ஆகாது. 100 சதவீதம், ஓரம் வைத்து அடியுங்கள். முதல் தாளை எடுத்ததும் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் பல தேர்வுகளில் 20 முதல் 50 கேபிக்குள் ஃபைல் கேட்பார்கள். கிம்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஷோ பிரிவ்யூ' டிக் போட்டுத் தரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் கேபி எவ்வளவு என்று அங்கேயே காட்டும்.

பின்னணியை மென்பொருளில் வெள்ளையாக்கக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். ஒரு வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் சுவரில் கட்டி, ஆளை அதிலிருந்து மூன்றடி தள்ளி ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தால் முடிந்தது. தலைமுடி ஓரத்தில் கத்தரித்த கோடு தெரியாது. "கொஞ்சம் கலரா போடுங்கண்ணா" என்று எல்லாரும் கேட்பார்கள். நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், தோலின் நிறத்தை மாற்றாதீர்கள். பாஸ்போர்ட், விசாப் படங்களில் முகத்தை மாற்றுவது விதிக்கே விரோதம். திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் பெரியவர்களுக்குப் படம் அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். 4 வயதுக்குள்ளான குழந்தைக்குத்தான் வெள்ளைப் பின்னணியில் படம் கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் உங்களிடம்தான் வருவார்கள். குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள்.

விசேஷப் படங்களில் தொல்லை கொடுப்பது சிவப்புப் பட்டு. அரக்குச் சிவப்பிலும் குங்குமச் சிவப்பிலும் போன் கேமரா சிவப்பை அதன் உச்சத்துக்கு ஏற்றிவிடும். அப்புறம் புடவையில் மடிப்பும் இருக்காது, புட்டாவும் இருக்காது. ஒரே சிவப்புத் தகடு. திரையில் பளபளவென்று தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அச்சில் அது ஆரஞ்சாகத் திரும்பும்போது பெண்ணின் அம்மா கண்டுபிடித்துவிடுவார். கிம்பில் 'ஹ்யூ-சாச்சுரேஷன்' திறந்து சிவப்பை மட்டும் தேர்ந்து, அடர்த்தியைக் கொஞ்சம் இறக்குங்கள்; மடிப்பு மெல்ல எட்டிப்பார்க்கும். கூடவே திரையின் வெளிச்சத்தையும் பாதிக்குக் கொண்டுவாருங்கள். "ஸ்க்ரீன்ல நல்லா இருந்துச்சு, பிரிண்ட் இருட்டடிச்சிடுச்சு" என்ற புகாரில் பெரும்பகுதி, கண் கூசும் திரையை நம்பியதால் வருவது.

இறந்தவர் படத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும். மகள் வந்து போனைக் காட்டுவார்: ஏதோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, மூன்றாவது வரிசையில் அப்பா, பாதி முகத்தில் யாரோ ஒருவரின் தலை நிழல். வாட்ஸாப்பில் நாலு பேர் கை மாறி வந்த படம். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸாப் நீளப் பக்கத்தை 1600 பிக்சலாக்கிவிடும். அதில் அவர் முகம் 150 பிக்சல் அகலம் இருந்தால் அதிர்ஷ்டம். 8×10 ஃபிரேமில் முகம் நாலு அங்குலம் வர வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 37 புள்ளிதான். நல்ல அச்சுக்கு 300 என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இங்கேதான் ஏஐ ஆசை காட்டும். அப்ஸ்கேல் என்று ஒரு இலவச மென்பொருள் கம்ப்யூட்டரிலேயே ஓடும்; சின்னப் படத்தை நாலு மடங்காக்கும், கண் இமை வரை தெளிவாக்கும். அந்த இமை அவருடையது இல்லை. இல்லாத பிக்சலை அது ஊகித்து வரைகிறது. சின்ன வயசுத் தழும்பு மறைந்துவிடும், வெற்றிலைக் கறைப் பல் வெள்ளையாகிவிடும், இமை கொஞ்சம் விரியும். வேறு யார் பார்த்தாலும் நல்ல படம் என்பார்கள். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேச மாட்டார். கோவில் கோபுரம், பின்னணி, துணிமணிக்கு அதைப் பயன்படுத்துங்கள். முகத்தில், அதுவும் இனி ஒரு படம் எடுக்க முடியாத முகத்தில், கை வைக்கவிடாதீர்கள்.

அதற்குப் பதில் என்ன செய்வது? முதலில் படத்தை எடுத்தவர் யாரென்று கேட்டு, அவர் போனிலிருந்தே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலப் படம் பல மடங்கு பெரிதாக இருக்கும். இல்லையென்றால் வீட்டில் பழைய ஆல்பம், ரேஷன் கார்டு, பீரோவுக்குள் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஏதாவது தேடச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கிம்பின் 'ஹீல்' கருவியால் புள்ளிகளைப் பொறுமையாக எடுக்கலாம்; கண்ணையும் உதட்டையும் கடைசியில், சின்ன பிரஷ்ஷில் தொடுங்கள். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் படத்தைச் சின்னதாக அடியுங்கள். 5×7இல் முகம் இரண்டு அங்குலமாக வரட்டும், சுற்றி அகலமாக வெள்ளை மவுன்ட் வைத்து 8×10 ஃபிரேமில் போடுங்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் அவராக இருப்பார். பெரிதாக அடிக்கும்முன் 4×6இல் ஒன்று எடுத்து வீட்டாரிடம் காட்டுங்கள். அந்த ஒரு தாளுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பிரிண்டரைப் பற்றிச் சுருக்கமாக. கார்ட்ரிஜ் பிரிண்டர் மலிவாகத்தான் கிடைக்கும். இங்க்கில் உங்களை உரித்துவிடும். எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் கொண்டுவந்த இங்க் டேங்க் முறைதான் சின்னத் தொழிலைக் காப்பாற்றியது. இன்று கேனானும் ஹெச்பியும்கூட விற்கின்றன. நாலு கலர் டேங்க் போதும், ஆனால் போட்டோவே முக்கிய வேலை என்றால் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் சேர்ந்த ஆறு கலர் வாங்குங்கள். கன்னத்தில் புள்ளி தெரியாது. காகிதத்துக்கு வேலூரோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ போகிறவர்கள் முதலில் ஒரே ரகத்தில் இரண்டு பாக்கெட் மட்டும் வாங்கி அதையே பழகுங்கள். டிரைவரில் காகித வகையைச் சரியாகக் கொடுக்காமல் கிளாஸி தாளைப் 'பிளெயின் பேப்பர்' என்று அடித்துவிட்டு மென்பொருளைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் தாள் சுருண்டுவிடும். வேலை இல்லாத வாரத்திலும் ஒரு கலர்ப் பக்கம் அடித்துவிடுங்கள், சித்திரை வெயிலில் நாசில் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்தே பாதி இங்க் போகும்.

விலை வைக்கும்போது தாள், இங்க் மட்டும் கூட்டாதீர்கள். வீணான தாள், வெட்டிய நேரம், கடன் தவணை மூன்றையும் சேருங்கள். பக்கத்துக் கடைக்காரர் எட்டு பாஸ்போர்ட் படத்துக்கு என்ன வாங்குகிறாரோ அதைவிடக் குறைக்க வேண்டாம். வீட்டு வாசலில் கிடைக்கிறது என்பதே உங்கள் சலுகை.

திருப்பதியில் இருப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும்: ஏழுமலையான் படத்தை இணையத்தில் எடுத்து, கலர் கூட்டி, அடித்து விற்கலாமே என்று. யாரோ வரைந்தது, யாரோ அச்சிட்டது அது. நாமே எடுக்கலாம் என்றால், கோவிலுக்குள் கேமராவும் போனும் கொண்டுபோகவே தடை. இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கு வரைந்தவர் இறந்தபின் 60 ஆண்டு உரிமை உண்டு. ரவிவர்மா 1906இல் போய்விட்டார், அவர் ஓவியங்களுக்குத் தடையில்லை. காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கோவில்பட்டி கொண்டையராஜு 1976இல்தான் இறந்தார். 2036 முடியும்வரை அவர் வரைந்தவற்றை எடுத்து விற்க முடியாது. இந்த வியாபாரத்தைச் சன்னதித் தெருக் கடைக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்த ஃபைல்கள். ஊர்ப் பெண்களின் முகமும் ஆதாரும் உங்கள் கம்ப்யூட்டரில் தங்குகின்றன. பின்னணி எடுக்கிறேன் என்று தெரியாத இணையதளங்களில் அவற்றை ஏற்றாதீர்கள். "திரும்ப வந்து கேட்பாங்க" என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைக்கவும் வேண்டாம். பாஸ்போர்ட் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று வாய் திறந்து கேளுங்கள், சரி என்றால் வையுங்கள். ஆதார் நகலைக் கேட்கவே வேண்டாம், அவர் படி இறங்கும்முன் அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் வாட்ஸாப்பில் வந்ததையும் சேர்த்து.

அன்புடன்,
சித்தூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்கார அண்ணன்